சித்திர சபைக்கு ஏது சீசன்?

ஆனி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. காலை ஆறரை மணிக்குச் சென்னையிலிருந்து என் மச்சினன் போன் செய்தான். "அத்தான், தண்ணி எப்படி விழுது? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க." அக்காவின் மூட்டுவலி தேவலையா என்றுகூடக் கேட்கவில்லை. குற்றாலத்துக்குப் பக்கத்தில், மேலகரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு முடியாது என்று சொல்ல முடியுமா? பைக்கை எடுத்துக்கொண்டு பேரருவிக்குப் போனேன். பெண்கள் குளிக்கும் பக்கம் பாறையை ஒட்டிக் கொஞ்சம் விழுந்தது. மற்ற இடமெல்லாம் ஈரம் மட்டும். உள்ளதை உள்ளபடி எடுத்து அனுப்பினேன்.

பத்தே நிமிடத்தில் மறுபடி போன். "இதுக்கா அறுநூறு கிலோமீட்டர் வரணும்? ரூமை கேன்சல் பண்ணிட்டேன் அத்தான். பிள்ளைங்களை இங்கேயே தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிடறோம். அங்கே டிக்கெட் வாங்கினா தண்ணி உறுதி. தண்ணி விழலைன்னா குற்றாலத்துல என்ன இருக்கு?"

என்ன இருக்கு! இந்தக் கேள்வியை நாற்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கேட்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். படித்தவர், படிக்காதவர், பக்தர், நாத்திகர் என்ற பேதமே இல்லாமல் எல்லாரும் ஒன்றுபோல நம்பும் விஷயம் இது: குற்றாலம் என்றால் குளியல், தண்ணீர் நின்றால் ஊரையே பூட்டிவிடலாம்.

மச்சினனுக்குச் சொன்ன பதிலைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். சித்திர சபை இருக்கிறது.

பேரருவியிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. நடராசருக்கு ஐந்து சபைகள். சிதம்பரத்தில் கனகசபை, மதுரையில் வெள்ளியம்பலம், திருவாலங்காட்டில் இரத்தின சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. மற்ற ஊர்களில் அவர் சிலையாக ஆடுகிறார். இங்கே ஓவியமாக ஆடுகிறார். சுவரில் தீட்டிய சித்திரமே இங்கு மூலவர். இப்படி ஒன்று நம் ஊரில் இருக்கிறது என்பது, வருடா வருடம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அருவிக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெயில் நேரத்தில் உள்ளே போய்ப் பாருங்கள். முதலில் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். இரண்டு நிமிடம் பொறுத்தால் சுவர் மெல்ல விழித்துக்கொள்ளும். முதலில் காவி நிறம் தெரியும், பிறகு பச்சை, பிறகு ஒரு கை, ஒரு கண், ஒரு முழு உருவம். சுவர் முழுக்கப் புராணக் கதைகள். ஒரு சுவரைப் பார்த்து முடிக்கவே அரை மணி நேரம் வேண்டும். சென்ற பங்குனியில் நான் போனபோது, ஒரு பாட்டி தன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாக விரல் நீட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று அருவியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. சித்திர சபைக்கு ஏது சீசன்?

தீம் பார்க்கில் "உறுதியான தண்ணீர்" என்கிறானே மச்சினன், அது என்ன தண்ணீர்? 1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா திறந்த நாளிலிருந்து நம் மக்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொட்டியில் நிரப்பிய தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். சறுக்கிக் கீழே வந்ததை வடிகட்டி, குளோரின் போட்டு, மறுபடி ஏற்றும். காலையில் சுவிட்சைப் போட்டால் வரும், சாயங்காலம் அணைத்தால் நிற்கும். பிள்ளைகள் அதில் ஆடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்தச் சுவிட்சை எங்கள் மலையிலும் தேடாதீர்கள்.

எங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்தப் பேச்சே வராது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுத் தமிழ்நாட்டுக்கு வரும்போது வெறுங்கையோடுதான் வருகிறது. மலைத்தொடர் அதை மறித்துவிடுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மட்டும் மலை சற்றே தாழ்ந்து வழிவிடுகிறது. அந்த இடுக்கு வழியாகப் புகுந்து வருகிற காற்றும் மேகமும்தான் எங்கள் சாரல். மதுரையும் தூத்துக்குடியும் ஆடி மாதத்தில் காய்ந்து கிடக்கும்போது தென்காசியில் குடை பிடிப்பது இதனால்தான். அங்கே காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் ஆளையே தள்ளுகிறதே, அந்தக் காற்றும் இதுதான். அது வரும்போது வரும். உங்கள் பள்ளிக்கூட லீவைக் கேட்டுக்கொண்டு வராது.

வந்த தண்ணீரும் உங்களைக் குளிப்பாட்டுவதற்காக விழவில்லை. பேரருவியில் விழுவது சிற்றாறு. குற்றால மலையில் பிறந்து, தென்காசியைத் தொட்டு, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் என்று போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேருகிற ஆறு. வழியெல்லாம் அணைக்கட்டுகள், கால்வாய்கள், குளங்கள். கார் நெல் நாற்றுப் பாவிவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டு இருக்கும் சம்சாரி தண்ணீர் வரவில்லையே என்று கவலைப்படுகிறான். அவன் கவலைக்கு அர்த்தம் இருக்கிறது. ரூமை கேன்சல் செய்தவன் கவலைக்கு என்ன அர்த்தம்?

ஆனால் செய்தியில் யார் கவலை வருகிறது? "நீர்வரத்து இல்லை, சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்." வருடம் தவறாமல் இதே தலைப்பு, வெறும் பாறையின் இதே படம். ஊரே செத்துப்போன மாதிரி எழுதுகிறார்கள். அந்தப் பாறையை ஒரு நாளாவது கிட்டப் போய்ப் பார்த்தார்களா? தண்ணீர் குறையும்போதுதான் பாறையில் செதுக்கிய சிவலிங்கங்கள் தெரியும். ஆயிரம் பேர் முண்டியடித்துக் குளிக்கும்போது நுரைக்குப் பின்னால் மறைந்து நிற்பவை. அண்ணாந்து பார்த்தால் பொங்குமாங்கடலின் விளிம்பு தெரியும். அத்தனை உயரத்திலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுந்தால் கழுத்து என்ன ஆகும்? பாதி வழியில் அந்தப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே இறங்குகிறது. அருவி நம்மை எப்படி உயிரோடு விட்டிருக்கிறது என்பது தண்ணீர் நின்ற நாளில்தான் புரியும். வெறும் பாறை என்கிறவர்கள் இதைப் பார்க்காதவர்கள்.

இந்த ஊரை உண்மையாக அறிந்தவர்கள் சீசன் பார்த்து வந்தவர்கள் அல்ல. திரிகூடராசப்பக் கவிராயர் எங்கள் மேலகரத்துக்காரர். குற்றாலக் குறவஞ்சியை எழுதிய அவர் பொழுதுக்கும் இங்கேயே இருந்தார். தலமரமான குறும்பலாவுக்கென்றே திருஞானசம்பந்தர் தனிப் பதிகம் பாடியிருக்கிறார். அருவி வற்றினாலும் பலாமரம் நிற்கும் அல்லவா? ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தை இங்கேதான் கழித்தார். 1954இல் இறக்கும்வரை அவர் வீட்டைத் தேடி ராஜாஜியும் கல்கியும் வந்தார்கள். சித்திரை வெயிலில் அந்த வீட்டில் கம்பன் பாட்டை ஒத்திவைத்துவிட்டுத் தண்ணீருக்காகவா காத்திருந்தார்கள்?

சித்திரை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். அருவி அநேகமாக வற்றிக் கிடக்கும் மாதம் அது. பங்குனிக் கடைசியில் தொடங்கி அந்த மாதம் பிறக்கும்போது முடிகிறது குற்றாலநாதர் கோயிலின் சித்திரை விசுத் திருவிழா. கொடி ஏறுகிறது, தேர் ஓடுகிறது, சித்திர சபையில் தாண்டவ தீபாராதனை நடக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்றால், முன்னோர்கள் அந்த வறண்ட நாட்களில் போய் ஏன் திருவிழா வைத்தார்கள்? இந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லட்டும். மறுபடியும் கேட்கிறேன், சித்திர சபைக்கு ஏது சீசன்?

தண்ணீர் இல்லையென்றால்தான் இந்தப் புலம்பல் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் அதிகமாக வந்தாலும் இவர்களுக்குக் கோபம் வரும். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டும்போது போலீஸ் குளிக்கத் தடை போடுகிறது. உடனே கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சண்டை. "காசு செலவழிச்சு வந்திருக்கோம், அஞ்சு நிமிஷம் விட்டா என்ன?" யாரிடம் காசு கொடுத்தீர்கள்? மலையிடமா? 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று இறங்கிய காட்டாற்று வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோனதே, அதற்குள் மறந்துவிட்டதா? கீழே குளித்துக்கொண்டிருப்பவனுக்கு, மேலே காட்டுக்குள் எவ்வளவு மழை பெய்கிறது என்பது தெரியாது. தெரிந்த நொடியில் ஓட இடம் இருக்காது. தடை போட்டவனைத் திட்டுகிறவர்கள் அந்தப் பையனின் வீட்டு வாசலில் போய் நின்று இதைப் பேசட்டும்.

இந்த "உறுதியான தண்ணீர்" ஆசை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? மலையிலிருந்து இறங்கும் ஓடையைத் திருப்பி, சில தனியார் விடுதிகள் தங்கள் காம்பவுண்டுக்குள் செயற்கை அருவி கட்டின. விருந்தாளிக்குத் தனி அருவி! விஷயம் வழக்காகி, 2022ஆம் ஆண்டின் கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றை மூடச் சொல்ல வேண்டியிருந்தது. ஆற்றை மறித்தவர்கள் குற்றவாளிகள்தான். ஆனால் "தண்ணி விழுதா, ரூம் போடலாமா" என்று போனில் கேட்டவர்கள் இருந்ததால்தானே அவர்களுக்கு அந்த யோசனை வந்தது? ஓடையைத் திருடச் சொன்னது அந்தக் கேள்விதான்.

இன்னும் இருக்கிறது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று நீதிமன்றம் சொல்லியும், அருவிக்கரையில் ஷாம்பு பாக்கெட் பொறுக்காத நாள் உண்டா? அந்த நுரை சிற்றாற்றில் இறங்கி வயலுக்குத்தான் போகிறது. தீம் பார்க்கில் ஷவரில் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று போர்டு வைத்தால் மறுபேச்சுப் பேசாமல் குளிக்கிறார்கள். ஆறாயிற்றே என்றால் மட்டும் கேட்க மாட்டார்கள்.

"தென்னகத்தின் ஸ்பா" என்று ஒரு பட்டம் வேறு. சம்பந்தர் பாடிய ஊருக்கு, சித்திர சபை உள்ள ஊருக்கு, எங்கோ பெல்ஜியத்தில் இருக்கும் ஒரு ஊரின் பெயரை ஒட்டவைத்துப் பெருமைப்படுவதற்கு நமக்கு வெட்கமாக இல்லையா? குற்றாலத்துக்குக் குற்றாலம் என்ற பெயர் போதும்.

நான் தண்ணீரை வெறுப்பவன் அல்ல. ஐந்தருவியில் முதுகைக் கொடுத்து நின்று, பல் கிடுகிடுக்க வெளியே வந்து, துண்டைப் பிழியாமலே பிரானூர் பார்டரில் பரோட்டா தின்ற நாட்கள் எனக்கும் உண்டு. அந்தச் சுகம் உலகத்தில் எங்கும் கிடையாது. என் அப்பா எங்களைச் சீசனில் அருவிக்குக் கூட்டிப்போனார். சீசன் இல்லாத மாதங்களிலும் கூட்டிப்போனார். பாறையைத் தொட்டுக் காட்டி, "இது எவ்வளவு குளிர்ந்திருக்கு பாரு, தண்ணி இதுக்குள்ளதான் இருக்கு" என்பார். அந்தப் பாறையை இன்றும் ஒவ்வொரு கோடையிலும் போய்த் தொட்டுவிட்டு வருகிறேன். வீட்டில் பெரியவர் படுத்துவிட்டால் பார்க்கப் போகாமல் இருப்போமா? சம்பாதிக்கிற காலத்தில் மட்டும் வந்து போகிறவனை நாம் சொந்தக்காரன் என்று சொல்வோமா?

மச்சினன் மறுபடி போன் செய்வான். ஆடி பிறந்ததும் கட்டாயம் செய்வான். "தண்ணி எப்படி, அத்தான்?" என்பான். இந்த முறை போட்டோ கிடையாது. சிற்றாற்றில் எவ்வளவு போகிறது, எந்தக் கால்வாயைத் திறந்திருக்கிறார்கள், எந்தக் குளம் மறுகால் போகிறது, நடவு எதுவரைக்கும் முடிந்திருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். தண்ணீரைப் பற்றிக் கேட்டவனுக்குத் தண்ணீரைப் பற்றி முழுதாகச் சொல்வதுதான் முறை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்பேன். சித்திரை விசுவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாயா? அருவியில் தண்ணீர் இருக்காது. சுவரில் அவர் ஆடிக்கொண்டிருப்பார்.