ஸ்டூலில் யார் ஏறுவது?



போன வாரம் ஏலகிரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி ஆம்பூர் போயிருந்தேன். ஒரு தோல் பொருள் கடையில் ரோலிங் ஷட்டர் பாதியில் நிற்கிறது. முதலாளி என்னிடம் படித்தவர். கடைப் பையனை ஸ்டூலில் ஏற்றி, ஸ்பிரிங்கைச் சுத்தியலால் தட்டச் சொல்கிறார். "மெக்கானிக் வந்தா ஆயிரம், ரெண்டாயிரம் கேப்பான் சார்!" நான் பையனை இறங்கச் சொன்னேன்.

நான் நடத்திய பாடம் மறந்துவிட்டதா? முறுக்கிய ஸ்பிரிங்கில் ஆற்றல் அடைந்து கிடக்கிறது. ஷட்டர் இறங்க இறங்க முறுக்கு ஏறும். அதனால்தான் அவ்வளவு இரும்பையும் ஒரே கையால் தூக்க முடிகிறது. அது விட்டுத் தெறித்தால் விரலும் போகும், கண்ணும் போகும்.

நாமே செய்யக்கூடியது: பக்கத்துக் காடியில் மண், கல் நீக்குவது, துடைப்பது, பூட்டுக்கு எண்ணெய் விடுவது. எங்கள் மலையில் பனியும் மழையும் சேர்ந்து சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை இதைச் செய்தாலே பாதித் தொல்லை வராது.

ஆனால் ஷட்டர் திடீரென்று கனத்தால், கோணலாக ஏறினால், தானாக இறங்கினால், மேலே 'டமார்' என்று சத்தம் கேட்டால் தொடாதீர்கள். கீழே நிற்காதீர்கள். தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். மோட்டார் ஷட்டர் என்றால் முதலில் மெயினை அணையுங்கள்.

"இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு ஒரே கேள்வி. அவ்வளவு தைரியம் இருந்தால், ஸ்டூலில் நீங்கள் ஏறாமல் பையனை ஏன் ஏற்றினீர்கள்?

சிக்கனம் நல்லதுதான். அடுத்தவன் விரலை வைத்துச் செய்யும் சிக்கனத்துக்கு வேறு பெயர் உண்டு.

அன்புடன்,
உங்கள் சார்