வண்டியில் டிஷ் மட்டும் போதுமா?

டல்லாஸில் மகன் வீட்டுக் கூரையில் டிஷ் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. போன மே மாதம் ஆர்.வி. என்கிற வீட்டுவண்டியில் கான்சாஸ் போனோம். அதன் தலையிலும் ஒரு டிஷ். தெற்கு வானத்தை மரம் மறைத்தால் படம் வராது, அது போகட்டும். உள்ளூர் சேனல்களை வீட்டு முகவரிக்குத்தான் தருகிறார்கள். தூரம் போனால் அவை கிடைக்காது. டொர்னாடோ எச்சரிக்கை நாம் நிற்கிற ஊருக்கல்லவா வேண்டும்? கனமழையில் டிஷ்ஷும் கைவிட்டுவிடும். அன்றிரவு சைரன் கேட்டுத்தான் பேரனைத் தூக்கிக்கொண்டு முகாமின் குளியலறைக் கட்டடத்துக்கு ஓடினோம். நல்லவேளை, காற்று விலகிப் போயிற்று.

சந்தா கட்டி சீரியல் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை (நானும் பார்ப்பவன்தான்). கூடவே சாதாரண ஆன்டெனாவும் பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோவும் வண்டியில் இருக்கட்டும். இரண்டுக்கும் மாதச் சந்தா கிடையாது. மகன் மறுநாளே வாங்கிவிட்டான்.