இருபது நிமிடங்களில் ஒரு குதிரை

அடியாத மாடு படியாது என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. மாட்டுக்காக உருவான இந்தப் பழமொழியை நமது பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளுக்கும் பொருத்தி நெடுங்காலமாக நடைமுறைப்படுத்தி வந்தன. அதன் உண்மையான பெறுமதி என்ன என்பதை உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் நேரடியாகக் கண்டது ஒரு குதிரையின் விடயத்தில்தான்.

கொவிட் பெருந்தொற்றினால் ஓராண்டு பிற்போடப்பட்ட டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 6 ஆம் திகதி பெண்களுக்கான நவீன ஐந்தம்சப் போட்டி நடைபெற்றது. நீச்சலும் வாள்வீச்சும் முடிவடைந்த நிலையில் ஜேர்மனிய வீராங்கனை அனிகா ஷ்லொய் முன்னணியில் இருந்தார். அடுத்தது குதிரையேற்றம். சீட்டுக் குலுக்கலில் அவருக்குக் கிடைத்த 'செயின்ட் பாய்' என்ற குதிரை, சற்றுமுன்னர் ரஷ்ய வீராங்கனை ஒருவருடனும் தடைகளைத் தாண்ட மறுத்திருந்தது. ஷ்லொய் அழுதார், சவுக்கையும் குதிமுள்ளையும் பயன்படுத்தினார். வேலிக்கு வெளியே நின்ற பயிற்றுநர் கிம் ரைஸ்னர் நன்றாக அடிக்குமாறு கூவியதுடன், தாமும் கைமுட்டியினால் குதிரையைக் குத்தினார். குதிரை படியவில்லை. குதிரையேற்றத்தில் ஒரு புள்ளியும் பெறாத ஷ்லொய் இறுதியில் 31 ஆவது இடத்தையே அடைய முடிந்தது. பயிற்றுநர் போட்டிகளிலிருந்து தகுதிநீக்கம் செய்யப்பட்டார்.

அந்த வீராங்கனை மீது உலகமே ஆத்திரத்தைக் கொட்டியது. ஆனால், பிரதான குற்றவாளி விதிமுறைதான் என்பதே எனது அபிப்பிராயம். அந்தப் போட்டியில் எவரும் சொந்தக் குதிரையில் ஏறவில்லை. முன்பின் தெரியாத குதிரையுடன் பழகிக்கொள்வதற்கு வழங்கப்பட்ட அவகாசம் 20 நிமிடங்கள். எதிரியின் பிரதேசத்தில் அகப்பட்டுக்கொண்ட குதிரைப்படை அதிகாரி ஒருவர் கைக்குக் கிடைத்த குதிரையில் ஏறித் தப்பவேண்டும் என்ற கற்பனையை ஒட்டி 1912 ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் அறிமுகமான போட்டி அது. குதிரைப்படைகள் போர்க்களங்களிலிருந்து மறைந்து பல தசாப்தங்கள் கடந்தபின்னரும் அந்த 20 நிமிடங்கள் மாத்திரம் மறையவில்லை.

குதிரை வேட்டையாடும் விலங்கு அல்ல, வேட்டையாடப்படும் விலங்கு. அதனால்தான் அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருக்கின்றன. ஏறக்குறைய நாலாபுறமும் அதற்குத் தெரியும். ஆனால், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் உள்ள சிறு பகுதிகள் தெரியா. ஐயம் எழுந்தால் ஓடுவதே அதன் இயல்பு. அந்த இயல்பை அடக்கிக்கொண்டு முதுகில் ஒரு மனிதனைச் சுமக்க அது சம்மதிக்கிறது என்றால், அந்தச் சம்மதம் நாள்தோறும் சிறுகச் சிறுகச் சம்பாதிக்கப்பட்டதாகும்.

பயிற்சியின் நுட்பம் இழுப்பதிலோ அழுத்துவதிலோ இல்லை, விடுவதில் இருக்கிறது. காலால் மெல்ல அழுத்தும்போது குதிரை ஓரடி முன்வைத்தால், அந்தக் கணத்திலேயே அழுத்தத்தை நீக்கிவிட வேண்டும். அந்த விடுதலையைக் கொண்டே தான் செய்தது சரி என்பதை அது புரிந்துகொள்கிறது. ஒரு கணம் தாமதித்தாலும் பாடம் குழம்பிவிடும். தடையின் முன்னால் மிரண்டு நிற்கும் குதிரையை அடித்தால் அது கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: தடை இருக்கும் இடத்தில் வலியும் இருக்கிறது. அடுத்த தடவை இன்னும் தூரத்திலேயே நின்றுவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்றொரு குதிரை கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லிப் புகழ்பெற்றது. உளவியலாளர் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் 1907 இல் வெளியிட்ட ஆய்வில் உண்மை வெளிப்பட்டது. கேள்வி கேட்பவர் தம்மையறியாமல் தலையைச் சற்றே அசைத்த கணத்தில் அது தட்டுவதை நிறுத்தியது. அதற்குக் கணக்குத் தெரியாது, மனிதனைத் தெரியும். தலையின் அத்தனை சிறிய அசைவையே கவனிக்கும் விலங்குக்கு, முதுகின்மேல் அழுதுகொண்டிருக்கும் ஒருவரின் நடுக்கம் தெரியாமல் போகுமா?

இந்த ஞானம் புதியதல்ல. கிரேக்க எழுத்தாளர் செனஃபன் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்துடன் குதிரையை அணுகலாகாது என்பதும், கட்டாயத்தினால் பெறப்படும் எதிலும் அழகிராது என்பதும் அவரது நிலைப்பாடு. செனஃபன் ஒரு படைத்தளபதி என்பதைக் கவனிக்க வேண்டும். இளகிய மனம்கொண்ட கவிஞர் ஒருவரின் கூற்றென்று இதைத் தள்ளிவிட முடியாது.

வியன்னாவின் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளி நான்கரை நூற்றாண்டுகளாக இயங்கி வருகிறது. லிப்பிசானர் இனக் குட்டிகள் கருநிறத்தில் பிறந்து வெண்மை அடையவே பல ஆண்டுகள் செல்லும். சுமார் நான்கு வயதில்தான் அவற்றின் பயிற்சி ஆரம்பமாகிறது. முதலில் நேராக முன்னோக்கி நடக்கவும் ஓடவும் மாத்திரமே அவை பழக்கப்படுகின்றன. வேடிக்கை வித்தைகள் எல்லாம் பின்னரே. புதிதாகச் சேரும் மாணவனுக்கும் அதே கதிதான். கடிவாள வாரும் அங்கவடியும் இல்லாமல், ஆசிரியர் நீண்ட கயிற்றில் பிடித்திருக்கும் குதிரையில் மாதக்கணக்காக வட்டமிட வேண்டும். அங்கு முதிய குதிரைகள் இளம் மாணவர்களுக்குக் கற்பிக்கின்றன. முதிய வீரர்கள் இளம் குதிரைகளுக்குக் கற்பிக்கிறார்கள்.

இடையில் ஒரு சுவாரஸ்யமான தகவல். 1912 இல் அந்த ஐந்தம்சப் போட்டியில் ஐந்தாவது இடத்தைப் பெற்ற அமெரிக்கர் ஜோர்ஜ் பாட்டன். அவரே 1945 இல், ஜெனரலாக, போரின் அழிவிலிருந்து வியன்னாக் குதிரைகளைக் காப்பதற்குப் பாதுகாப்பு வழங்கினார்.

டோக்கியோ சம்பவத்தின் பின்னர் சர்வதேச சம்மேளனம் குதிரையேற்றத்தையே அந்தப் போட்டியிலிருந்து அகற்றத் தீர்மானித்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது வெர்சாய் அரண்மனை வளாகத்தில் இறுதித் தடவையாகக் குதிரைகள் ஓடின. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் போட்டிக்கென அந்த இடத்தில் சேர்க்கப்பட்டிருப்பது, மனிதர்களே தொங்கியும் ஏறியும் கடக்கவேண்டிய தடையோட்டம். பாரம்பரியம் அழிந்ததென்று பல வீரர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. பழகுவதற்கு நேரம் ஒதுக்க விரும்பாத ஒரு போட்டியில் குதிரைக்கு என்ன வேலை? வியன்னாவில் சவாரி வீரர்களின் கோட்டுப் பின்வாலில் இன்றும் ஒரு சிறிய பை தைக்கப்பட்டிருக்கும். அதற்குள் இருப்பது குதிரைக்கான சீனிக் கட்டிகள்.