மாத்திரை மலிவு, தாயின் உயிர் மலிவல்ல!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் பெண்ணுக்கும், திருவள்ளூர் வட்டாரத்தில் நாற்று நடும் பெண்ணுக்கும் கர்ப்ப காலத்தில் பொது எதிரி ஒன்று உண்டு. அதுதான் ரத்தக் கொதிப்பு. அழுத்தம் 140/90-க்கு ஏறும்; சிறுநீரில் புரதம் இறங்கும்; தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் தோன்றும். கவனியாமல் விட்டால் வலிப்பு கண்டு தாயும் சேயும் மாள நேரிடும்.

வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. அது ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சி 2002-ல் காட்டிற்று. ஆனால் நோயின் வேரை அறுப்பது பிரசவம் ஒன்றே. தானாக வலி வராவிட்டால் வரவழைக்க வேண்டும்.

எதைக் கொண்டு? ஏழைகளின் ஆஸ்பத்திரிக்கு மலிவான வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, மூத்திரம் எடுக்கப் பயன்படும் ஃபோலி குழாய். அதன் நுனியிலுள்ள சிறு பலூன் கருப்பை வாயை மெல்லத் திறக்கும். மற்றது, வாயால் விழுங்கும் மிசோபிராஸ்டால் மாத்திரை.

எது மேல்? நாகபுரியின் இரண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 2013 முதல் 2015 வரை, ரத்தக் கொதிப்பு கண்ட 602 கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்தார்கள். மாத்திரை 25 மைக்ரோகிராம் வீதம் இரண்டு மணிக்கொரு தரம் கொடுக்கப்பட்டது. ஒரு நாளுக்குள் ஆபரேஷன் இன்றிப் பிரசவித்தவர்கள், மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 57 பேர்; குழாய் வைத்தவர்களில் 47 பேர். 2017-ல் 'லான்செட்' மருத்துவ ஏடு இதை வெளியிட்டது. மலிவானதெல்லாம் மட்டமானது என்போரின் வாயை இந்தக் கணக்கு அடைக்கிறது!

ஆனால் தோழர்களே, மாத்திரை தானே காவல் காக்காது. அளவு மீறினால் கருப்பையே கிழியக்கூடும். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இதைக் கொடுக்கலாகாது. கடையில் வாங்கி வீட்டில் விழுங்குவது உயிரோடு விளையாடுவதாகும். வலியையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் இரவெல்லாம் கவனிக்க நர்ஸ் வேண்டும். அவசரமென்றால் ஆபரேஷன் செய்ய டாக்டர் வேண்டும். மருந்தின் விலை அற்பம். ஆள் போடுவதில்தான் செலவு. அந்தச் செலவில் கை வைத்துவிட்டு மருந்தை மட்டும் அனுப்பினால் அது வைத்தியமாகாது.

2022-ல் திருவள்ளூருக்கு மருத்துவக் கல்லூரி வந்தது, வரவேற்கிறோம். அதோடு நிற்கலாகாது. தாலுகா ஆஸ்பத்திரிகளில் இந்த மருந்துகள் தீராமல் இருக்கட்டும்! இரவிலும் போதிய நர்சுகள் இருக்கட்டும்! கர்ப்பிணி சோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலி வெட்டக் கூடாது! இக்கோரிக்கைகளை ஆலை வாயிலிலும் கிராம சபையிலும் ஓங்கி ஒலிப்போம்!