பழைய மேக்ரோ, புதிய வேர்ட்: பிழை யாருடையது?

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை ஆண்டுதோறும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சொற்போர் நடத்துகிறது. எக்செல் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்துச் சான்றிதழில் நிரப்புவது ஒரு வேர்ட் மேக்ரோ. எப்போதோ பட்டம் பெற்றுச் சென்ற மூத்த மாணவர் ஒருவர் எழுதியது. இவ்வாண்டு போட்டிக்கு முதல்நாள் இரவு அது ஓட மறுத்தது. மூன்று கணினிகளில் முயன்றோம். மூன்றிலும் மூன்று விதமான பிழைச் செய்திகள்!

இது எங்கள் பேரவையின் பிரச்சினை மட்டுமன்று. ஆஃபிஸ் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்தியது. பழைய பதிப்புகளிலிருந்து புதியவற்றுக்கு மாறுவோர், பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய மேக்ரோக்களையும் கூடவே கொண்டு செல்கிறார்கள்.

என் மடிக்கணினியில் இருப்பது 64-பிட் வேர்ட். 2019 முதல் ஆஃபிஸை நிறுவினால் பெரும்பாலும் இதுவே வரும். விண்டோஸை நேரடியாக அழைக்கும் பழைய 'டிக்ளேர்' வரிகளை அது ஏற்காது. அவ்வரிகளில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லைச் சேர்த்து, நினைவக முகவரிகளைத் தாங்கும் மாறிகளை 'லாங்பிடிஆர்' வகைக்கு மாற்றினோம். 2010 முதலான பதிப்புகள் அனைத்தும் இதைப் புரிந்துகொள்ளும்.

பேரவை அறையின் பழைய கணினியில் சிக்கல் வேறு. சென்ற ஆண்டு யாரோ புதிய பதிப்பில் திறந்து சேமித்ததில், எக்செல் நூலகத்திற்கான இணைப்பும் புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. பழைய கணினியில் அந்த நூலகம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், வேர்ட் குறைசொன்னது 'லெஃப்ட்' என்ற சாதாரணக் கட்டளையை! 'டூல்ஸ்' பட்டியில் 'ரெஃபரன்சஸ்' பகுதியைத் திறந்தபோதுதான் 'மிஸ்ஸிங்' என்ற சொல் கண்ணில் பட்டது. அந்த இணைப்பை நீக்கி, எக்செலை 'கிரியேட் ஆப்ஜெக்ட்' கட்டளையால் ஓடும் நேரத்தில் அழைத்தோம்.

மூன்றாவது, செயலாளரின் கணினி. மின்னஞ்சலில் வந்த கோப்பு என்பதால் மேக்ரோவை வேர்ட் தடுத்துவிட்டது. "எல்லா மேக்ரோவையும் அனுமதித்துவிடு" என்றார் நண்பர் ஒருவர். அவசரத்தில் நானும் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன். ஆனால், 1999 மார்ச்சில் மெலிசா நச்சுநிரல் உலகெங்கும் பரவியது ஒரு வேர்ட் மேக்ரோ வழியாகத்தான். இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. பயனர்களின் பின்னூட்டத்தால் ஜூலையில் அதை நிறுத்திவைத்து, அதே மாதம் மீண்டும் நடைமுறைப்படுத்தியது. பூட்டை உடைப்பது தீர்வாகாது. நம்பகமான அந்த ஒரு கோப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'அன்பிளாக்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

சரி, பிழை யாருடையது? மென்பொருள் மாறத்தான் செய்யும். மூத்த மாணவரும் தம் காலத்துக்குச் சரியாகவே எழுதினார். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்காமல், ஆண்டுதோறும் பொத்தானை மட்டும் அழுத்தி வந்தது நாங்கள்தான்.

சான்றிதழ்கள் அன்றிரவே அச்சாகிவிட்டன. இம்முறை கோப்புடன் ஒரு பக்கக் குறிப்பும் வைத்திருக்கிறோம்: எந்தப் பதிப்பில் சோதித்தோம், எந்த வரியை ஏன் மாற்றினோம், மாற்றாத மூலக்கோப்பு எங்கே உள்ளது. உங்கள் மன்றத்திலும் இப்படி ஒரு பழைய கோப்பு இருந்தால், நிகழ்ச்சிக்கு முதல்நாள் இரவுவரை காத்திருக்காமல் இன்றே திறந்து பாருங்கள்.