விற்க மறுத்தவரின் விலை

2011 நவம்பர் 9 அன்று நியூயார்க்கில் நடந்த சோத்பீஸ் ஏலத்தில் கிளிஃபோர்டு ஸ்டில்லின் நான்கு ஓவியங்கள் 11 கோடியே 41 லட்சம் டாலருக்கு விலைபோயின. ‘1949-ஏ-நம்பர் 1’ மட்டுமே 6 கோடியே 17 லட்சம். அதற்கு முன் அவர் ஓவியம் ஏலத்தில் தொட்ட உச்சம் 2 கோடியே 13 லட்சம்தான். ஓவியரோ வாழ்நாள் முழுக்கச் சந்தையைத் திட்டித் தீர்த்தவர். இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1904இல் வடக்கு டகோட்டாவில் பிறந்த ஸ்டில், அரூப வெளிப்பாட்டிய ஓவியர்களில் முந்திக்கொண்டவர். 1940களின் நடுவிலேயே உருவங்களை உதறிவிட்டார். ஆளுயரத்துக்கும் மேலான கித்தானில் தீட்டுக்கத்தியால் வண்ணத்தை அப்புவார். கருப்பும் சிவப்பும் உரிந்த மரப்பட்டை போல ஓரம் கிழிந்து நிற்கும். தலைப்பு வைத்தால் பார்ப்பவரின் மனம் அதன் பின்னால் போய்விடும் என்று ஆண்டும் எண்ணும் மட்டும் கொடுத்தார்.

புகழ் கதவைத் தட்டிய 1951இல் நியூயார்க்கின் வணிகக் காட்சிக்கூடங்களிலிருந்து விலகினார். நண்பரும் சக ஓவியருமான ராத்கோவோடும் பின்னர் உறவு முறிந்தது. 1961இல் மேரிலாந்துக்குக் குடிபெயர்ந்து, களஞ்சியக் கொட்டகையில் வரைந்து, வரைந்ததைச் சுருட்டி வைத்தார். பணத்தைத் தேடாவிட்டாலும் இடத்தைத் தேடினார்: பஃபலோ அருங்காட்சியகத்துக்கு 31, சான் பிரான்சிஸ்கோவுக்கு 28 என அள்ளிக் கொடுத்தார். தன் படங்கள் சிதறாமல் ஒரே கூரையின் கீழ் நிற்க வேண்டும் என்பதே அவர் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம்தான் உயிலாயிற்று. தன் படைப்புகளுக்கென்றே தனி அருங்காட்சியகம் கட்டும் ஏதாவதொரு அமெரிக்க நகரத்துக்கு அத்தனையும். ஒன்றைக்கூட விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது. வேறெவர் படமும் அங்கே தொங்கக் கூடாது. 1980இல் அவர் இறந்தபின் மனைவி பட்ரீஷியா இந்த நிபந்தனைகளைக் கட்டிக் காத்தார். பல நகரங்கள் கேட்டு வந்தன. 2004இல் டென்வருக்குக் கிடைத்தது. கட்டிய கூடத்தை நடத்தப் பணம் வேண்டுமே! பட்ரீஷியாவின் சொத்திலிருந்த நான்கு ஓவியங்களை விற்க மேரிலாந்து நீதிமன்றம் அனுமதித்தது. ஏலம் முடிந்த ஒன்பதாம் நாள் அருங்காட்சியகம் திறந்தது.

இதைப் போலித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். விற்காமல் வைத்திருந்ததால்தான் தட்டுப்பாடு. தட்டுப்பாட்டால்தான் அந்த விலை. அவர் வரைந்ததில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் டென்வரில் பூட்டப்பட்டிருக்க, வெளியே சந்தைக்கு வரக்கூடியவை சொற்பம் என்பது வாங்குவோருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் விலையைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதே பாணி ஓவியர்களான பொல்லாக்கையும் ராத்கோவையும் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை, அவர்களுக்கு முன்னோடியான ஸ்டில்லைப் பெரும்பாலும் பார்க்காமலேயே வளர்ந்தது. இன்றும் அவர் படத்தை ராத்கோவின் படத்தருகே வைத்து ஒப்பிட டென்வரின் அந்த அருங்காட்சியகத்தில் வழியில்லை. வேறு அருங்காட்சியகங்களுக்குத்தான் போக வேண்டும்.