33ஆம் பிரிவைத் திருத்து! முதல்முறை மாட்டிய பையனுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும்

கஞ்சா விற்றவனை என்ன செய்வது என்று கேட்டால் நம்மில் பலரும் யோசிக்காமல் சொல்கிறோம்: "பிடிச்சு உள்ளே போடு." வாழ்க்கையில் முதல்முறையாக மாட்டிய பத்தொன்பது வயதுப் பையனுக்கும் அதே பதில்தான். சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. அந்தப் பதில் தவறு என்கிறோம். அந்தத் தவறுக்கான விலையை நம் காலனிகளும் சேரிகளும் கட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கஞ்சா விற்பது குற்றமே இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. திருட்டு, அடிதடி வழக்குகளில் இளைஞர்களுக்குச் சட்டம் தரும் வாய்ப்பு இந்தச் சட்டத்தில் ஏன் பறிக்கப்படுகிறது என்று கேட்கிறோம்.

மூடப்பட்ட கதவு

1958இல் இயற்றப்பட்ட குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை மாணவத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். அதன் 6ஆம் பிரிவு 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கானது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாதவரை, அவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் இருப்பதே பொது விதி. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று நீதிபதி நினைத்தால், நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும். 12ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு, குற்றவாளி என்ற தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது.

இனி, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு வாருங்கள். அதன் 33ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டவருக்கு நன்னடத்தைச் சட்டம் பொருந்தாது என்கிறது. விதிவிலக்கு 18 வயது நிரம்பாதவர்களுக்கும், உட்கொண்ட குற்றம் உள்ளிட்ட ஓரிரு பிரிவுகளுக்கும் மட்டுமே. இரண்டு பொட்டலம் விற்றவன் அந்த விதிவிலக்கில் வரமாட்டான்.

இதன் பொருள் என்ன? பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் மாட்டினால் அவன் சிறுவன். இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அவன் எதிர்காலத்தில் கறை படியாமல் காக்கும். ஒரு நாள் தாமதமாக மாட்டினால் கதை முடிந்தது. ஒரு கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள் என்றால் நீதிபதி தண்டனைக் காலத்தைக் குறைக்கலாம். குறைந்தபட்சம் எதுவும் சட்டத்தில் இல்லை. ஆனால் எவ்வளவு குறைத்தாலும் அவனை நன்னடத்தையில் விட அவருக்கு அதிகாரம் இல்லை. முத்திரை விழுந்தே தீரும்.

இளைஞர்களை முதிர்ந்த குற்றவாளிகளோடு அடைக்கக் கூடாது என்று 1925லேயே சென்னை மாகாணம் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் கொண்டுவந்தது. வெள்ளைக்காரன் ஆட்சிக்கு அன்று புரிந்தது நம் நாடாளுமன்றத்துக்கு ஏன் புரியவில்லை?

எடையைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை

கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறு அளவு: ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோ வரை பத்தாண்டு வரை. அதைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு, குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.

யாருடைய சரக்கு, யார் பணம் போட்டார், யார் லாபம் எடுத்தார் என்பதையெல்லாம் இந்தத் தராசு கேட்பதில்லை. ஆந்திர – ஒடிசா எல்லை மலைகளிலிருந்து கிளம்பும் மூட்டை ரயிலேறி வருகிறது. தன்பாத் – ஆலப்புழை விரைவு ரயிலில் சேலத்தில் கஞ்சா பிடிபட்ட செய்தி நமக்குப் பழகிப்போனது. அந்தச் செய்திகளில் பெரும்பாலும் மாட்டுவது யார்? கூலிக்குப் பை தூக்கியவர், அல்லது ஆளில்லாத பை. பையை அனுப்பியவரும் வாங்கவிருந்தவரும் அபூர்வமாகத்தான் தெரியவருகிறார்கள். இருபத்தொரு கிலோவைக் கூலிக்குத் தூக்கிய பையனுக்கும் அதன் முதலாளிக்கும் சட்டம் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் தண்டனை நெறிமுறை, தலைமைப் பங்கா, முக்கியப் பங்கா, சிறு பங்கா என்று கேட்ட பிறகே தண்டனையைத் தீர்மானிக்கிறது. வயதும் முதிர்ச்சியின்மையும் அங்கே தண்டனையைக் குறைக்கும் காரணங்கள்.

பனமரத்துப்பட்டிப் பக்கம் வாருங்கள். சேலம் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்க 1911இல் கட்டிய ஏரி வறண்டு, ஆண்டுக்கணக்கில் சீமைக்கருவேலம் மூடிக் கிடந்த ஊர் இது. தோட்டத்தில் இருட்டோடு அரளி மொட்டு பறிக்கிற கூலி, இல்லாவிட்டால் சேலத்துக்குப் போய்ச் சித்தாள் வேலை. நிலம் இல்லாத தெருக்களில் பத்தாம் வகுப்போடு நின்ற பையன்களிடம்தான் வியாபாரி வருகிறான். முதல் பொட்டலம் கடனுக்கு. அப்புறம் கடனை அடைக்க விற்க வேண்டும். எங்கள் களப்பணியில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். பிடிபடுகிறவனும் இவன்தான், ஏனென்றால் தெருமுனையில் நிற்கிறவன் இவன்.

தீர்ப்புக்கு முன்பே தண்டனை

வணிக அளவு என்று எழுதிவிட்டால் 37ஆம் பிரிவு பிணையை ஏறக்குறைய முடியாததாக்கிவிடுகிறது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பிணை வழங்கிய ஒரு தில்லி கஞ்சா வழக்கில், இருபத்து மூன்று வயதில் கைதானவர் தீர்ப்பே இல்லாமல் ஏழாண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். நீண்ட விசாரணைக் காவல் ஏழைகளின் வேலையையும் குடும்பத்தையும் சிதைத்துவிடுகிறது என்று நீதிமன்றமே அதில் எழுதியது. 2021 அக்டோபரில் மும்பைக் கப்பல் வழக்கில் கைதான நடிகரின் மகனுக்கு அதே மாதமே பிணை கிடைத்தது. 2022 மே மாதம் வழக்கிலிருந்தே விடுபட்டார். அவரிடம் எதுவும் பிடிபடவில்லை. அவருக்குக் கிடைத்தது நியாயம்தான். அந்த நியாயத்தைக் கேட்டுப் பெற நம் பையன்களுக்கு வக்கீல் இல்லை.

தமிழ்நாட்டில் இதற்குமேல் குண்டாஸ் வேறு. 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைக்கலாம். பிறகு காவல் நிலையத்தில் சரித்திரப் பதிவேடு. சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று இன்றும் சீர்மரபினர் பட்டியலில் நம் மாவட்டத்தின் பெயர் இருக்கிறது. பிறப்பாலேயே குற்றவாளி என்று எழுதிய சட்டம் போய்விட்டது. அந்தப் பார்வை போகவில்லை.

சிறைக்குள் சாதி இல்லை என்று யாராவது நினைத்தால், 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படிக்கட்டும். பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் அதில் பேசப்படுகிறது.

வெளியே வந்த பிறகு? நம் வீட்டுப் பிள்ளைகள் ஏறக்கூடிய ஏணி அரசு வேலை ஒன்றுதான். தமிழ்நாடு காவல்துறைப் பணிக்கு, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட எடுக்காத விதி இருக்கிறது. தண்டனை பெற்றவனின் நிலையைச் சொல்லவே வேண்டாம். அண்ணல் வாங்கித் தந்த இடஒதுக்கீட்டை ஒரு பொட்டலம் தின்றுவிடுகிறது.

இரண்டு எதிர்க்கேள்விகள்

முதல் கேள்வி நம் தெருவிலிருந்தே வருகிறது. "எம் பையன் வாழ்க்கையைக் கெடுத்தவனுக்கு நீங்க வக்காலத்தா?" இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார்களின் கோபம் நியாயமானது. ஆனால் 1985இலிருந்து இந்தக் கடுமையைப் பார்த்துவிட்டோம். கஞ்சா வேட்டை 2.0, 3.0, 4.0 என்று எண்கள் ஏறுகின்றன, தெருமுனை காலியாகவில்லை. ஒருவன் உள்ளே போனால் அந்த இடத்துக்கு அடுத்தவனை வியாபாரி பிடித்துவிடுகிறான். உள்ளே போனவன் பெரிய வியாபாரிகளின் அறிமுகத்தோடு திரும்பி வருகிறான். அந்தத் தாய்க்கு இதில் என்ன கிடைத்தது? அதே அரசுதான் 2003இலிருந்து டாஸ்மாக் கடையில் சில்லறைக்குச் சாராயம் விற்கிறது என்பதையும் அந்தத் தாய் அறிவார்.

இரண்டாவது கேள்வி கடினமானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் 18 வயதைக் கடந்தவர்களுக்கு நன்னடத்தைச் சட்டம் பொருந்தாது என்கிறது. அதை ஆதரித்துக்கொண்டு இதை எதிர்ப்பது இரட்டை வேடம் இல்லையா?

இல்லை. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில் நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்த நாடு இது. ஆதிக்கச் சாதிக்காரருக்கு நீதிமன்றத்தின் இரக்கம் தாராளமாகக் கிடைத்த வரலாறு இருப்பதால்தான் 19ஆம் பிரிவு தேவைப்பட்டது. வன்கொடுமை செய்தவனை நன்னடத்தையில் விட்டால், அவன் திரும்பிப் போவது பாதிக்கப்பட்டவர் வாழும் அதே ஊருக்கு, அதே அதிகாரத்தோடு. அந்தப் பிரிவு பலமில்லாதவரைக் காக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 33ஆம் பிரிவு யாரைக் காக்கிறது? பலமில்லாதவன் தலையில்தான் விழுகிறது. இரண்டு பிரிவிலும் ஒரே வாக்கியம் இருக்கலாம். அது யார் கையில், யாருக்கு எதிராக இருக்கிறது என்று பார்க்கத்தான் நாம் அம்பேத்கரைப் படிக்கிறோம்.

கேட்பதும் செய்வதும்

நாம் கேட்பது மூன்று. 21 வயதுக்குட்பட்ட முதல்முறைக் குற்றவாளிகளுக்கு, வணிக அளவுக்குக் கீழான வழக்குகளில், 33ஆம் பிரிவின் தடை நீக்கப்பட வேண்டும். வயதைக் கணக்கிட, குற்றம் நடந்த நாளை எடுக்க வேண்டும். இப்போது தீர்ப்பு நாளை எடுப்பதால் வழக்கு இழுத்தாலே பையன் 21ஐத் தாண்டிவிடுகிறான். முதல்முறை மாட்டிய இளைஞர்மீது தமிழ்நாடு அரசு குண்டாஸ் போடுவதை நிறுத்த வேண்டும். முதல் இரண்டும் தில்லி செய்ய வேண்டியவை. மூன்றாவதற்குச் சென்னை போதும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் ஒரு பையன் கைதானால் அன்றே செய்ய வேண்டியவை இவை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். வயதுக்கான பள்ளிச் சான்றிதழைக் கையில் வையுங்கள். எடையில் என்னென்ன சேர்ந்தது என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். பூ, காய் முனையோடு சேராத இலையும் விதையும் சட்டப்படி கஞ்சா ஆகாது. மாதிரி நீதித்துறை நடுவர் முன்னிலையில் எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். பையன் போதைக்கு அடிமையாகியிருந்து, சிறு அளவு வழக்காக இருந்தால், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப 39ஆம் பிரிவு இடம் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்பதைச் சுவரில் எழுதுவதோடு நிறுத்தாமல், அடுத்த ரிமாண்ட் நாளில் நீதிமன்ற வாசலில் நிற்போம்.

ஜெய்பீம்!